நிற்கிற ஆள்

உங்களில் பெரியவள் கல்யாணம்வரை எங்கள் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு, உள்பக்கம் ஒரு கொக்கியும் உண்டு. வெளியிலிருந்து பூட்ட மட்டும் எதுவும் இல்லை. சடையங்குப்பத்தில் என் அப்பா இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து அதுவரை ஒருமுறைகூட அது காலியாக இருந்ததில்லை, அதனால் பூட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளம் வந்து இடுப்பளவு தண்ணீர் நின்றபோதுகூட உங்கள் அத்தை மொட்டை மாடியில் இருந்தாள். படகில் வந்தவர்கள் கூப்பிட்டார்கள்.

"எல்லாரும் போய்ட்டாங்க, நீ மட்டும் இன்னாத்துக்கும்மா இங்க?"

"அதுக்குத்தான்" என்றாள்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பன் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் மேலே எறிந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

அத்தை ஏன் எங்கேயும் வருவதில்லை என்பதற்குத் தெருவில் பல காரணங்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் நகையைப் புதைத்து வைத்திருக்கிறாள் என்பது ஒன்று. அப்படி இருந்திருந்தால் நான் இன்னும் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டேன். பஸ் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும் என்று உங்கள் அம்மா கொஞ்ச காலம் உறவினர்களிடம் சொல்லிவந்தாள். அத்தை அதை மறுக்கவில்லை. பஸ் ஏறியே பல வருடம் ஆனவளுக்கு, வாந்தி வருமா வராதா என்று தெரிந்திருக்கவும் வழியில்லை.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நான் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை. நான் பத்தாவது வரைதான் படித்தவன், எழுத்து கோர்வையாக வராது. நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

உங்களில் பெரியவள் ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து பாடம் ஒப்பித்தாள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள், அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வேலை வாங்கினார்கள், சந்தையில் நிறுத்தி விற்றார்கள் என்று படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"நல்லவேள, நம்மூர்ல இந்த பேஜாரெல்லாம் இல்ல."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் "ம்" என்றேன். அவளும் "ம்" என்றாள். சின்னவன் அப்பளம் கேட்டான். நம் வீட்டில் சரித்திரம் பேசப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

நம் ஊரிலும் இருந்தது. இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டிலிருந்தும், மதராஸ் கரையிலிருந்தும், ஒரு காலத்தில் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டி விற்றிருக்கிறார்கள். பஞ்சம் வந்த வருடங்களில் சரக்கு மலிவாகக் கிடைத்ததாம். நான் கன்டெய்னர் தூக்குவதும் இதே கரையில்தான். கப்பலில் ஏறாதவர்களில் பலர் நிலத்தோடு இருந்தார்கள். நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறினார்கள். வெள்ளைக்காரன் சட்டம் போட்டு இதை ஒழித்தான். பிறகு நம்முடைய அரசாங்கம் கொத்தடிமை முறை என்று பெயர் வைத்து இன்னொரு தரம் ஒழித்தது. இரண்டாவது தரம் ஒழித்த பிறகுதான் நான் பிறந்தேன். செங்குன்றம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குள் பிறந்தேன்.

என் தாத்தாவின் சாவுச் செலவுக்கு என் அப்பா அந்த ஆலை முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். எவ்வளவு என்று அவருக்கு நினைவில்லை. கேட்டால் முதலாளிக்குக் கோபம் வரும் என்பதால் கேட்டதும் இல்லை. அதற்காக அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் அங்கே வேலை செய்தார்கள். நெல்லை ஊறவைப்பது, அவிப்பது, களத்தில் பரப்புவது. பரப்பிய நெல்லை வெயிலில் நடந்து நடந்து காலாலேயே கிளறிவிட வேண்டும். மேகம் கறுத்தால் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். ஆலையைச் சுற்றிச் சுவர் இருந்தது, வாசலில் ஒரு நாய் இருந்தது. சுவர் பெரிய உயரமெல்லாம் இல்லை. தாண்டலாம். யாரும் தாண்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போக முதலாளி ஒரேயடியாகத் தடை சொல்ல மாட்டார். வைத்தியத்துக்கோ, சாவுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ கேட்டால் பெரும்பாலும் விடுவார். "போய்ட்டு வா. ஒரு ஆள நிறுத்திட்டுப் போ" என்பார். குடும்பத்தில் ஒருவர் நிற்க வேண்டும். சொந்த ஆளாக இருக்க வேண்டும். பக்கத்துக் குடிசைக்காரரை நிறுத்திவிட்டுப் போக முடியாது. போனவர்கள் திரும்பி வரும்வரை நின்ற ஆளைப் பார்த்து முதலாளியோ மேஸ்திரியோ அவ்வப்போது கேட்பார்கள், "எங்க உங்க ஆளுங்க?" அதற்கு நின்ற ஆள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் நிற்கிற ஆள் அக்கா. அப்பாவை நிறுத்தினால் மூட்டை முடிச்சைத் தூக்க ஆளில்லை. அம்மாவை நிறுத்தினால் போகிற இடத்தில் ஒப்பாரி வைக்க ஆளில்லை. என்னை நிறுத்திப் பார்க்கலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டாராம். "இவன் வேல செய்றத விட துன்றதுதான் அதிகம். இவன உட்டுட்டு நீங்க ஓடிட்டா நஷ்டம் எனக்கு" என்றாராம் முதலாளி. அடமானத்துக்குக்கூட நான் தேறவில்லை. அதனால் எல்லாத் திருவிழாவுக்கும் போனேன். ராட்டினம் ஏறினேன். அக்காவுக்குப் பொரி வாங்கி வருவோம். அவள் என்னிடம் ராட்டினம் எப்படி இருந்தது என்று கேட்பாள். நான் சொல்வேன். அவளும் ஏறி இறங்கியது மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

ஒருமுறை ஊத்துக்கோட்டை பக்கம் என் அப்பாவின் அண்ணன் இறந்துபோனார். மறுநாள் மதியத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். போன இடத்தில் மழை, ரோடு அறுத்துக்கொண்டது, பஸ் ஓடவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் திரும்பினோம். அக்கா களத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நெல் இல்லாத வெறும் களம், சிமெண்ட் தரை. நாங்கள் வருகிறவரை வெயிலில் அங்கேயே நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். அம்மா அவளைக் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போய் விளக்கெண்ணெய் தடவினாள்.

"இன்னாடி சொன்ன அவங்ககிட்ட?" என்று அப்பா கேட்டார்.

"வந்துருவாங்கன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற இன்னா கீது சொல்றதுக்கு?"

அதைப் பற்றி அதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் பேச்சு இல்லை. அடுத்த திருவிழாவுக்கும் அவள்தான் நின்றாள். கொஞ்சம் பழகிய ஆள் என்பதால்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் ஒரு ஜீப்பும் சில வேன்களும் ஆலைக்குள் வந்தன. அதிகாரிகள் வந்திருந்தார்கள். யார் எழுதிப் போட்டார்களோ தெரியாது. முதலாளியை ஆபீஸ் அறையில் உட்காரவைத்துப் பேசினார்கள். வெளியே ஒரு பெண் அதிகாரி ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க உங்க விருப்பப்படிதான் இங்க இருக்கீங்களா?" என்று என் அப்பாவைக் கேட்டார்.

"மொதலாளிய கேட்டு சொல்றேம்மா" என்றார் அப்பா.

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு எல்லோரையும் வேனில் ஏறச் சொன்னார்கள்.

"எப்பம்மா திரும்பி வரணும்?" என்று அப்பா கேட்டார்.

"திரும்பி வர வேணாம்."

என்ன தப்பு செய்தோம் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. சட்டியையும் பாயையும் அள்ளிக்கொண்டார். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், நான் நடக்கிற வயதுதான், பயத்தில் தூக்கினாள். வேன் படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். களத்தில் துடைப்பத்தோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"நீ நில்லு. போய்ட்டு வந்துர்றோம்" என்றாள் அம்மா.

அக்கா தலையை ஆட்டினாள். அப்பா பாயை வேனுக்குள் தள்ளினார். எனக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. எங்கே போவதென்றாலும் அப்படித்தானே போவோம். வேன் கிளம்பிவிட்டது.

அப்படி ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் நாங்கள் விடுதலை ஆனோம்.

ஏரிக்கரை வந்ததும் அந்தப் பெண் அதிகாரி எழுதியதை வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார். எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள் குறைந்தது.

"உங்க பொண்ணு எங்க?"

"நிக்க வெச்சிட்டு வந்தேம்மா" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "மொதலாளி தேடுவாரே" என்றாள் அம்மா.

அந்த அதிகாரி எழுதியதை மூடிவைத்தார். பிறகு டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

நாங்கள் போனபோது ஆலையில் யாருமே இல்லை. மற்ற குடும்பங்களை ஏற்றிய வண்டிகள் போய்விட்டன. முதலாளியை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மேஸ்திரி சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான், அந்தச் சுவரை நிஜமாகவே தாண்டியவன் அவன் ஒருத்தன்தான். அவ்வளவு பெரிய களத்தில் அக்கா மட்டும் தனியாக நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, வண்டியில ஏறு" என்றார் அதிகாரி.

"எங்க ஆளுங்க இன்னும் வரல" என்றாள் அக்கா. எங்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நாங்கதான்டி வந்துகீறோம். ஏறு" என்றார் அப்பா.

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரிடமாவது சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்வதற்கு யாரும் இல்லை. வாசலில் படுத்திருந்த நாயிடம் "நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினாள்.

என் அம்மா சாகும்வரை அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அக்காவைப் பார்த்து "நில்லு" என்று சொன்னதும் இல்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளாகவே நின்றுகொண்டாள்.

பிறகு நாங்கள் இங்கே வந்தோம். அப்பா மணலியில் மூட்டை தூக்கினார், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், பள்ளமான இடமென்று யாரும் கேட்காத இந்த மனையில் வீடு கட்டினார். அக்கா வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டு விற்றாள். வீட்டை விட்டுப் போக வேண்டாத தொழில். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் "நான் போய்ட்டா இங்க யாரு நிக்கறது?" என்று கேட்டாள். அவர்கள் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்காமல் எழுந்து போனார்கள்.

என் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை. மருமகளுக்கு ஆரத்தி எடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே என்று எல்லோரும் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட்டார்கள். என் அப்பா, அம்மா இறந்தபோதும் பிரச்சினை வரவில்லை. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நீங்கள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் வந்த எந்த நாளிலாவது வீட்டில் ஆளில்லாமல் இருந்திருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். அவளிடமிருந்து அந்த வழக்கம் எங்களுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. பீச்சுக்குப் போனாலும் சொந்தத்தில் விசேஷம் என்றாலும், அத்தை இருக்கிறாள் என்று கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனோம். அதை வசதி என்றுதான் நினைத்தோம்.

பெரியவளுக்கு எண்ணூரில் மாப்பிள்ளை அமைந்தது. திருவொற்றியூரில் மண்டபம் பிடித்தோம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"அத்த வந்தாதான் நான் மணையில ஒக்காருவேன்."

"வராதுன்னு தெரிஞ்சிகினே பேசினுகீறியே" என்றாள் உங்கள் அம்மா.

"என்ன வளத்தது அது. மேடையில அது நிக்கணும். இல்லன்னா மாப்ளய வூட்டாண்ட வந்து தாலி கட்டச் சொல்லு, மழைத்தண்ணி வடிஞ்ச பிறகு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அத்தைக்குத்தான் முதலில் புரிந்தது. அன்றைக்கு ஆப்ப மாவில் உப்புப் போட மறந்துவிட்டாள். பிள்ளை சொன்னதைச் செய்யாவிட்டால் பிள்ளையின் கல்யாணம் கெடும். செய்தால் வீட்டில் ஆள் நிற்காது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாத்திரம் வாங்க யானைக்கவுனிக்குப் போன உங்கள் அம்மா, யோசனை பண்ணி ஒரு பூட்டும் வாங்கிவந்தாள். பித்தளைப் பூட்டு, நல்ல கனம். அத்தையின் முன்னால் வைத்தாள்.

"இத்த மாட்டிட்டு வந்துருங்க அண்ணி. ஒருத்தன் கை வெக்க முடியாது."

அத்தை பூட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "யாராச்சும் வந்து எங்க உங்க ஆளுங்கன்னு கேட்டா, இது பதில் சொல்லுமா?"

"யாரு அத்த வந்து கேக்கப்போறான்?" என்றான் சின்னவன்.

"அத எப்டி நம்ம முடிவு பண்றது?"

"கேமரா வெச்சிரட்டா? போன்லயே பாத்துகினு இருக்கலாம்."

"பாத்துகினு இருந்து? பதில் யாரு சொல்றது?"

பக்கத்து வீட்டு அம்மா தானே வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். "நீ வேற வூட்டு ஆளு. ஒன்ன நிறுத்துனா செல்லாது" என்றாள் அத்தை. நல்ல மனசோடு வந்த அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான்தான் வாசல்வரை போய்ச் சமாதானம் சொன்னேன்.

அப்புறம் நான் சொன்னேன். "நான் நிக்கறேன்க்கா."

சின்னவன் போனைக் கீழே வைத்தான்.

"பொண்ணு கல்யாணத்துல அப்பன் இல்லாம இன்னா கல்யாணம்?" என்றாள் உங்கள் அம்மா.

யார்டில் நாங்கள் செய்வது மாதிரி ஷிஃப்ட் போட்டுப் பார்க்கலாம் என்றேன். முதல் நாள் சாயந்திரம் ரிசப்ஷனுக்கு நான் போகிறேன், அக்கா நிற்கட்டும். மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்கு அக்கா போகட்டும், நான் நிற்கிறேன். தாரை வார்க்க உங்கள் தாய்மாமன் இருக்கிறார். பெரியவள் அழுதாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் காலத்தில் முதலாளி என்னைப் பார்த்த அதே பார்வை.

"யாராச்சும் வந்து எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"கல்யாணத்துக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுவேன்."

"தப்பு. எங்க போயிருக்காங்கன்னு சொல்லவே கூடாது. ஆள் அனுப்பி இஸ்துகினு வருவான். வந்துருவாங்கன்னு மட்டும் சொல்லணும்."

"சரி."

"எப்ப வருவாங்கன்னு கேட்டா?"

"வந்துருவாங்க."

"திட்டுனா?"

"வந்துருவாங்க."

"ம். வாசல்ல நில்லு. உள்ள போய் ஒக்காந்துகினு இருக்காத. ஆள் கண்ல படணும்."

முகூர்த்தத்தன்று விடிந்ததும் வேன் வந்தது. உறவுக்காரர்கள் ஏறினார்கள். அத்தை நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், முதல்முதலாகப் பார்த்தேன். படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொண்டாள்.

நான் வாசலில் நின்றேன். முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. லாரிகள் மணலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அம்மாவும் குடும்பமும் மண்டபத்துக்குக் கிளம்பிப் போனார்கள், வருத்தமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. தெரு காலியானது. அப்புறம் நேரம் நகரவில்லை. என் மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். போன் கையில் இருக்கிறது. கூப்பிட்டால் பேசுவார்கள். இருந்தாலும் அவர்கள் வராமலே போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை. போனை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன். எனக்கே சிரிப்பாக இருந்தது, ஆனால் சிரிக்க வரவில்லை. இதை அக்கா எட்டு வயதிலிருந்து செய்திருக்கிறாள்.

சின்னவன் வீடியோவில் கூப்பிட்டான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேடையைக் காட்டினான். தாலி கட்டும்போது பெரியவளுக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் மணமக்களைப் பார்க்க, அவள் மட்டும் மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு பையன் பைக்கில் பார்சல் கொண்டுவந்தான். யாரோ அனுப்பிய கல்யாணப் பரிசு. பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, "இவங்க இல்லியா சார்? வூட்ல யாருமே இல்ல போல கீது. எங்க போய்ட்டாங்க?" என்றான்.

"வந்துருவாங்க" என்றேன்.

அவன் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். நான் எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அத்தை இறங்கினாள். தனியாக வந்திருந்தாள்.

"சாப்டியாக்கா?"

"தாலி ஏறுச்சு. கை தட்டிட்டு வந்துட்டேன். நீ போய் சாப்ட்டு வா, நான் நிக்கறேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "யாராச்சும் வந்தாங்களா?"

"ஒருத்தன் வந்தான். எங்க போய்ட்டாங்கன்னு கேட்டான்."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "நீ இன்னா சொன்ன?"

"வந்துருவாங்கன்னு சொன்னேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"கையெழுத்து வாங்கினு பார்சல குடுத்துட்டுப் போய்ட்டான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஒண்ணும் சொல்லல?"

"ஓகே சார்னான்."

அத்தை வாசற்படியில் உட்கார்ந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். இத்தனை வருடமாக அவள் நின்றபோது யார் யார் வந்து கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்திருப்பாளோ என்னவோ. கேஸ் சிலிண்டர் போடுகிறவன், கொசு மருந்து அடிக்கிறவன், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள். பிறகு, "மணையில ஒக்காந்துகினு புள்ள ஒன்னதான் தேடினு இருந்துச்சு" என்றாள்.

"தெரியும்."

"அழுதுகினேதான் தல குனிஞ்சுது. மாப்ள பயந்துட்டாரு."

நான் பார்சலை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

"ஆட்டோவ நிக்க சொல்லு" என்றாள்.

பூட்டு இருந்தது. ஆனால் அதன் சாவியைச் சின்னவன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கதவை வெறுமனே சாத்தினேன். பதில் சொல்லச் சொல்லிவிட்டு வருவதற்குத் தெருவில் ஒருவரும் இல்லை. ஆட்டோவில் அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது வாந்தி எடுத்தாள். உங்கள் அம்மா சொல்லிவந்தது பொய்யில்லை என்று தெரிந்தது. டிரைவர் திட்டினான். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்துக் கழுவிவிட்டேன். வண்டியைத் திருப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நாங்கள் போனபோது கடைசிப் பந்தி. வடை தீர்ந்துவிட்டது. அத்தையும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். பெரியவள் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையோடு பந்தி பார்க்க வந்தாள். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள், முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த இலையில் அத்தையைப் பார்த்தாள். நடந்து வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அத்தயும் கீது, நீயும் கீறியா?" என்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ப்பா, அப்ப வூட்ல யாரு நிக்கறாங்க?"

சின்னவனும் சாம்பார் வாளியோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அதே கேள்விதான்.

நீங்கள் இரண்டு பேரும் அந்த ஆலையைப் பார்த்ததே இல்லை. அது எந்த ரோட்டில் இருந்தது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. நல்லது கெட்டது தெரிகிற வயதில் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை உங்கள்மேல் அது படாமல் இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். படாமல் எல்லாம் இல்லை என்று அன்றைக்குப் பந்தியில்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"யாரும் நிக்கல" என்றாள். "ரசம் இருந்தா ஊத்தச் சொல்லு."